நத்தாருக்குக் குசினியிலேயே கொக்டெயில்: 60, 20, 20

நத்தார், புதுவருசம், கலியாணம் முடிந்த அடுத்த நாள், பிறகு ஆடி ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கிற கிழமைகள் என்று வன்னி வீடுகளில் போத்தல் திறக்கிற நாட்களுக்குக் குறைவில்லை. திறந்தவுடன் சாராயத்துக்குள் சோடாவை ஊற்றி மளமளவென்று முடித்துவிடுகிறோம், டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்த நல்ல விஸ்கிக்கும் அதே கதிதான். எனக்கு அது மனவருத்தம். முற்றத்துத் தேசிக்காயும் சீனியும் ஐஸும் இருந்தால் அதே போத்தலில் இருந்து ஆறுதலாக இருந்து ரசிக்கிற ஒரு கிளாஸ் கிடைக்கும்.

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே அளவு. மது 60 மில்லி, தேசிக்காய்ச் சாறு 20, சீனிப்பாணி 20. வெள்ளை ரம் ஊற்றினால் டைக்கிரி, கியூபாவில் அந்தப் பெயரில் உள்ள ஊரில் இருந்து வந்த பெயர் அது. விஸ்கி என்றால் விஸ்கி சவர், தென்னஞ்சாராயம் என்றால் சாராய சவர். விஸ்கி சவருக்கு வெளியில் மஞ்சள் எலுமிச்சைதான் பிழிவார்கள், நமது தேசிக்காயின் புளிப்பு கொஞ்சம் கூர்மையானது, அதனால் முதல் கிளாஸை ருசி பார்த்து பாணியை ஒரு தேக்கரண்டி கூட்டலாம். அளவுக் கிண்ணம் இல்லையா? மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. நாலு மேசைக்கரண்டி மது, சாறும் பாணியும் ஒவ்வொரு மேசைக்கரண்டியும் ஒரு தேக்கரண்டியும். கண்ணளவில் மட்டும் ஊற்றாதீர்கள், இரண்டாவது ஆளுக்கு வேறு ருசி வந்துவிடும்.

சீனிப்பாணிக்கு ஒரு கோப்பை சீனி, ஒரு கோப்பை தண்ணீர், சீனி கரையும் வரை சூடாக்கி ஆறவிட்டு போத்தலில் அடைத்தால் பிரிட்ஜில் இரண்டு கிழமை நிற்கும். எனக்குப் பிடித்தது காட்டுத்தேன். குளிர்ந்த மதுவில் தேன் கரையாமல் அடியில் தங்கிவிடும் என்பதால் இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கியோடு இது சேருகிற மாதிரி சீனி சேராது. பனங்கட்டிப் பாணி சாராயத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் நிறம் கறுக்கும்.

சாறு விஷயத்தில் நான் பிடிவாதம். ஒருமுறை நத்தாருக்குக் காலையிலேயே முப்பது காய் பிழிந்து வைத்தேன், இரவு ஊற்றும்போது அந்த வாசம் போய் ஒரு கசப்புத்தான் நின்றது. அதற்குப் பிறகு ஆட்கள் வந்த பிறகுதான் பிழிகிறேன். காயை முதலில் மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள், பிழியும்போது தோலை நசுக்கி எடுக்காதீர்கள், வெள்ளைத் தோல்தான் கசப்பு.

ஐஸ். வன்னி வெக்கையில் இதுதான் பாதி வேலை. மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியை உடைத்துப் போடவே வேண்டாம், அது குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, முதல் நாளே உறைய வையுங்கள். பெரிய கட்டி மெதுவாகக் கரையும்.

ஷேக்கருக்குப் பதிலாக இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் போத்தல் போதும். மது, சாறு, பாணி, கை நிறைய ஐஸ், மூடி, 12 செக்கனாவது பலமாகக் குலுக்குங்கள், வெளிப்புறம் வியர்த்து கை விறைக்க வேண்டும். ஐஸில் இருந்து கரைகிற தண்ணீரும் இந்தக் குடிபானத்தின் ஒரு பகுதிதான், அது இல்லாவிட்டால் தொண்டையை எரிக்கும். தேயிலை வடியால் வடித்து, பிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த கிளாஸில் ஊற்றுங்கள். பக்கத்தில் முறிகண்டிக் கச்சான் இருக்கட்டும். சோடா, இஞ்சிச் சோடா எதையும் உள்ளே போட்டுக் குலுக்கக் கூடாது, மூடி பறக்கும். அதைக் கிளாஸில் மேலே ஊற்றவேண்டும்.

களவாக வடிக்கிற கசிப்பு பக்கமே போகாதீர்கள். அதில் மெதனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். போயாவுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் கடை பூட்டு, முன்கூட்டியே வாங்குங்கள். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஊற்றாதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்தவரின் திறப்பை முதல் கிளாஸுக்கு முன்னமே வாங்கி வையுங்கள், ஏ9 வீதியில் இரவில் மாடும் நிற்கும், லொறியும் வரும்.

இருபது பேர் வந்தால் ஒவ்வொன்றாகக் குலுக்க முடியாது, எல்லாவற்றையும் ஒரே பெரிய பாத்திரத்தில் சேர்த்து பஞ்ச் கலக்க வேண்டும். கரிபியனில் அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, மது மூன்று, தண்ணீர் நாலு. எனக்கு அந்த இனிப்பு அதிகம். ஒரு முழுப் போத்தல் சாராயம் 750 மில்லி, சாறு 250 மில்லி, அதற்கு பதினைந்து காயளவு வேண்டும், பாணி 300 மில்லி, தண்ணீருக்குப் பதில் ஆறிய வெறும் தேநீர் ஒரு லீற்றர். சாராயமும் பாணியும் தேநீரும் முதல் நாளே கலந்து குளிரவிடலாம், சாறு மட்டும் அன்று. ஐஸ்கிறீம் டப்பாவில் உறைய வைத்த ஒரே பெரிய கட்டியைப் பாத்திரத்தில் இறக்குங்கள். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாராயம் இல்லாமல் இன்னொரு பாத்திரத்தில், தேநீரைக் கூட்டி, கொஞ்சம் இஞ்சிச் சாறும் விட்டு வையுங்கள். இரண்டு அகப்பையும் வேறு வேறாக இருக்கட்டும்.