ஈரடுக்கு கிராஃபீன்: கல்லூரி லேப் கணினியிலேயே கணக்கிட

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஈரடுக்கு கிராஃபீன் (ஓரணுத் தடிமன் கார்பன் தளங்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று) எடுப்பவர்களுக்குப் பெரிய சர்வர் வேண்டியதில்லை. நாலு கோர், 16 ஜிபி ரேம், உபுண்டு, இலவசமாகக் கிடைக்கும் குவாண்டம் எஸ்பிரெசோ (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் டிஎஃப்டி முறை நிரல்) போதும். செல்லில் (திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமாகும் அலகில்) இருப்பவை நான்கே கார்பன் அணுக்கள். ஆனால் இரு தளங்களுக்கும் இடையிலான பிடிப்பு அணுவுக்குச் சில பத்து மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான். சாதாரணத் திண்மத்துக்குப் போதுமான துல்லியம் இங்கே போதாது.

அறுகோண செல், பக்கம் 2.46 ஆங்ஸ்ட்ரம், உயரம் 25. கீழ்த்தள அணுக்கள் (0, 0), (1/3, 2/3). மேல்தளத்தில் (0, 0), (2/3, 1/3). இதுதான் ஏபி அடுக்கு, மேல்தள அணுக்களில் பாதி மட்டும் கீழ்த்தள அணுக்களுக்கு நேர்மேலே. தள இடைவெளி 3.35 என்று தொடங்கினால் செல் உயரத்தின் பின்னமாக உயர ஆயம் −0.067, +0.067 வரும். தளங்கள் பூஜ்யத்துக்கு இருபுறமும் சமமாக இருக்கட்டும். இருபரிமாணக் கூலும் வெட்டு (மேலும் கீழும் வரும் நகல் செல்களின் மின்விசையைத் துண்டிக்கும் அமைப்பு) அப்படித்தான் எதிர்பார்க்கிறது. 1/3 என்பதை 0.333 என்று சுருக்கினால் சமச்சீர் உடையும், கே-புள்ளியில் (எலக்ட்ரான் அலைகளின் உந்த வெளி அறுகோணத்தின் மூலையில்) இல்லாத ஆற்றல் இடைவெளி ஒன்று முளைக்கும். பத்து தசம இலக்கம் எழுதுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது ஃபங்ஷனல் (எலக்ட்ரான்களின் பரஸ்பர ஆற்றலுக்கான தோராயச் சூத்திரம்) தேர்வில். பிபிஇ என்ற ஃபங்ஷனலை மட்டும் வைத்தால் தளங்கள் 4 ஆங்ஸ்ட்ரமையும் தாண்டி விலகிப்போகும், ஏனென்றால் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு அதில் கிடையாது. எல்டிஏ என்ற எளிய ஃபங்ஷனல் 3.3 அருகே சரியாகத் தருவதுபோல் தெரியும். பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வரும் விடை அது, அதை நம்பிப் பிணைப்பாற்றல் எழுத வேண்டாம். பிபிஇயோடு, விடுபட்ட வாண்டர்வால்ஸ் ஈர்ப்பைச் சேர்க்கும் கிரிம்மியின் டி3 திருத்தம் சேருங்கள். சூடோபொட்டன்ஷியலும் (அணுவின் உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் கோப்பு) பிபிஇக்கு உருவாக்கியதாக இருக்க வேண்டும்.

பிஏடபிள்யூ வகை சூடோபொட்டன்ஷியலுக்கு வெட்டாற்றல் (கணக்கில் சேரும் அலைகளின் ஆற்றல் உச்சம்) 60 ரிட்பெர்க், அடர்த்திக்கு 480 என்று தொடங்கி, முதல் எண்ணை 70, 80 என ஏற்றிப் பாருங்கள். காமாவை (உந்த வெளியின் மையம்) மையமாகக் கொண்ட கே-வலையை (உந்த வெளியில் கணக்கிடும் புள்ளிகளின் வலை) 12, 18, 24 என மூன்றின் மடங்காகவே வையுங்கள். இல்லையேல் கே-புள்ளி வலையில் விழாது, ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் நிரம்பும் ஆற்றல் எல்லை) பட்டைகள் தொடும் டிராக் புள்ளியிலிருந்து நகர்ந்துவிடும். ஸ்மியரிங் (ஃபெர்மி மட்டத்தை மழுப்பும் அகலம்) 0.01 ரிட்பெர்க்குக்கு மேல் வேண்டாம்.

தள இடைவெளியை நேரே ரிலாக்ஸ் (விசை அடங்கும்வரை அணுக்களை நிரலே நகர்த்துவது) செய்யாதீர்கள். செங்குத்து விசை மிகச் சிறியது. இயல்பான 10⁻³ வரம்புக்குள் அது முதலிலேயே அடங்கிவிடுவதால், நிரல் தொடங்கிய இடத்திலேயே “முடிந்தது” என்று நிற்கும். 3.0 முதல் 4.0 வரை 0.05 இடைவெளியில் 21 தனிக் கணக்குகள் ஓட்டி, ஆற்றல் வளைவின் அடிப்பகுதியை எடுங்கள். ஒவ்வொன்றிலும் எஸ்சிஎஃப் (அடர்த்தி மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவது) வரம்பு 10⁻¹⁰ ரிட்பெர்க். அணுவுக்கு நேர்மேலே அணு நிற்கும் ஏஏ அடுக்குக்கும் இதையே செய்தால், அதன் இடைவெளி கூடுதலாகவும் பிடிப்பு குறைவாகவும் வர வேண்டும். வராவிட்டால் ஆயங்களைத் திரும்பப் பாருங்கள்.

பட்டை வரைபடம் (எலக்ட்ரான் ஆற்றல் மட்டங்களின் படம்) உந்த வெளியில் காமா–எம்–கே–காமா பாதையில். நிரம்பிய பட்டைகள் எட்டு, 16 கேளுங்கள். கே அருகே பரவளையமாகத் தொட்டு நிற்கும் இரு பட்டைகளும், அவற்றிலிருந்து 0.4 எலக்ட்ரான்வோல்ட் அளவு தள்ளி இன்னும் இரண்டும் தெரிந்தால் அமைப்பு சரி.

கரண்ட் திடீரென்று போனால் பாதியில் நின்ற கோப்புகளை நம்பி ரீஸ்டார்ட் செய்ய முடியாது. யூபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் நிரல் தானே ஒழுங்காக நிற்கும்படி அதிகபட்ச நொடியைக் கொடுத்து ஓட்டுங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சிபியு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான ஓட்டங்களை இரவுக்கு வையுங்கள்.

முறுக்கிய ஈரடுக்கு (ஒரு தளத்தை மற்றதன்மேல் சுழற்றி வைத்தது) தொட ஆசையிருந்தால் 21.8 பாகையில் தொடங்குங்கள், செல்லில் 28 அணுக்கள்தான். 13.2 பாகைக்கு 76. 2018இல் மீக்கடத்தல் கண்ட 1.1 பாகை அருகே 11,000க்கும் மேல் போகும். அங்கே டிஎஃப்டியை விட்டு டைட்-பைண்டிங் (எலக்ட்ரான் அணுவுக்கு அணு தாவுவதாக வைக்கும் எளிய மாதிரி) முறைக்கு மாறுங்கள்.