உப்புத் தண்ணீரில் பயறு: ஒரு காரணியை மட்டும் மாற்றப் பிள்ளைகளைப் பழக்குதல்

தரம் 7, 8 பிள்ளைகளிடம் "உப்புத் தண்ணீரில் பயறு முளைக்குமா?" என்று கேட்டால், ஒரு கோப்பையில் கடல் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம் என்பார்கள். திருகோணமலையில் இரண்டும் கிட்டவே கிடைக்கும். ஆனால் கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. சோடியம் குளோரைட்டு மட்டுமல்ல, மக்னீசியமும் சல்பேற்றும் சேர்ந்தே வரும். மகாவலி விழும் கொட்டியாரக் குடாவில் மாரி மழைக்குப் பிறகு உப்பு குறையும். கரையோரக் கிணறுகள் பல ஏற்கெனவே உவர். ஒப்பிட வைத்த கோப்பையிலும் உப்பு இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

இந்தத் திட்டத்தைப் பிழையென்று தள்ளாதீர்கள். அப்படியே கரும்பலகையில் எழுதி, "இரண்டு கோப்பைக்கும் இடையில் எத்தனை வித்தியாசம்?" என்று கேளுங்கள். தண்ணீரின் அளவு, விதையின் வயது, வெயில், கோப்பை எனப் பட்டியல் நீளும். இதற்கு ஒரு முழுப் பாடவேளை கொடுங்கள். அதுவரை பொருட்களை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். கோப்பையைக் கண்டதும் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு ஊற்றத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு கேள்வியைக் கூர்மையாக்குங்கள்: "உப்பின் செறிவு கூடும்போது, 72 மணித்தியாலத்தில் முளைக்கும் பயறுகள் குறையுமா?" நாம் மாற்றும் செறிவு சாரா மாறி, அதனால் மாறுகிறதா என்று எண்ணிப் பார்க்கும் முளைத்த எண்ணிக்கை சார் மாறி. முளைத்தது என்றால் வேர் 2 மி.மீ. வெளியே தெரிய வேண்டும். இதையும் தொடங்கும் முன்பே கொப்பியில் எழுதுவியுங்கள், இல்லாவிட்டால் எண்ணும் நேரத்தில் சண்டை வரும்.

8 குழுக்களுக்கு 50 கிராம் பயறு, 32 ஒரேவகை யோகட் கோப்பைகள், சமையலறைக் கடதாசி, ஊசியில்லாத 5 மி.லீ. சிரிஞ்ச் போதும். பஞ்சு வேண்டாம். வேர் அதில் சிக்கி, அளக்க எடுக்கும்போது முறியும்.

கரைசலுக்கு 20 கிராம் உப்பை ஒருமுறை மட்டும் நிறுங்கள். சமையலறைத் தராசு 5 கிராமைச் சரியாகக் காட்டாது. உப்பைக் கரைத்து 1 லீற்றராக்குங்கள். அதில் 500 மி.லீ. எடுத்து, தண்ணீர் சேர்த்து மீண்டும் 1 லீற்றராக்கினால் லீற்றருக்கு 10 கிராம் செறிவு. அதிலிருந்து அதேபோல் 5 கிராம். நான்காவது வெறும் தண்ணீர், மற்றவற்றை ஒப்பிட வைக்கும் கட்டுப்பாடு அதுதான். எல்லாவற்றுக்கும் மழை நீர் அல்லது ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பக்கெற் உப்பு.

குழுவுக்கு ஒரு செறிவு எனப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். அது பரிசோதனையையே கெடுக்கும். 20 கிராம் குழு கவனமில்லாமல் செய்தால், முளைக்காததற்கு உப்பு காரணமா, குழு காரணமா என்று பிரித்தறிய வழியில்லை. ஒவ்வொரு குழுவும் நான்கு செறிவையும் செய்யட்டும். எட்டுக் குழுவும் சேர்ந்தால் ஒவ்வொரு செறிவுக்கும் எட்டு மீள்செய்கை கிடைக்கும்.

உடைந்த விதைகளை நீக்கி, மிச்சத்தைக் கலந்து, கண்ணை மூடிக் கோப்பைக்கு 20 எடுக்கச் சொல்லுங்கள். பார்த்து எடுத்தால் கொழுத்த விதைகள் முதல் கோப்பைக்கே போகும். நாலாக மடித்த கடதாசியில் 5 மி.லீ. ஊற்றுங்கள். விதை மூழ்கினால் ஒட்சிசன் கிடைக்காமல் அழுகும்.

அதிகம் பேருக்குத் தெரியாமல் போவது ஆவியாதல். தண்ணீர் போகும், உப்பு நிற்கும். 5 கிராம் கோப்பையில் பாதி நீர் வற்றினால் அது 10 கிராம் கோப்பையாகிவிடும். அதற்கு மேல் உப்புக் கரைசலையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாளுக்கு நாள் செறிவு ஏறும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது மிக வேகம். வாயைப் பொலித்தீனால் மூடி, இறப்பர் வளையம் போட்டு, எல்லாவற்றிலும் நான்கே துளையிடுங்கள். நாள்தோறும் பழைய கரைசலை வடித்து, அதே செறிவில் 5 மி.லீ. ஊற்றி அதையும் வடித்து, பிறகு புதிதாக 5 மி.லீ. விடுங்கள். வெறும் தண்ணீர்க் கோப்பைக்கும் இதே வேலைதான். அதைத் தொடாமல் விட்டால் இன்னொரு வித்தியாசம் நுழைந்துவிடும்.

செவ்வாய் காலை தொடங்கினால் வெள்ளி காலை 72 மணித்தியாலம் நிறையும், சனி ஞாயிறு குறுக்கிடாது. எண்ணுபவர்களுக்கு எந்தச் செறிவு என்று தெரியாதபடி, கோப்பையின் அடியில் குறியீடு மட்டும் எழுதி, எண்ணுவதை வேறு குழுவிடம் கொடுங்கள். வேரையும் அளந்தால், முளைக்காத விதையைப் பூச்சியமென்று சராசரியில் சேர்க்காதீர்கள்; அது எண்ணிக்கையில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. வெறும் தண்ணீரிலேயே 20இல் 16க்குக் குறைவாக முளைத்தால் விதை பழையது. முடிவு எழுதாமல் புது விதையோடு திரும்பத் தொடங்குங்கள்.

பிறகு சேர்த்தது: பூஞ்சணம் பிடிக்கிறது என்று ஆசிரியர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கோப்பைகளைக் கொதிநீரால் கழுவுங்கள், உடைந்த விதையை விடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த கோப்பையை எறிய முன் எந்தச் செறிவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

20 கிராமில் முளைக்காத விதை செத்துவிட்டதா, தண்ணீர் உறிஞ்ச முடியாமல் காத்திருக்கிறதா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். விடையைச் சொல்லாமல் அடுத்த பரிசோதனையாக அதையே கொடுங்கள். அந்த விதைகளைக் கழுவி வெறும் தண்ணீரில் போடுவோம் என்பார்கள். பாதியைக் கழுவித் திரும்ப 20 கிராம் கரைசலிலேயே ஏன் போட வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.