வாசலுக்கு ஒரு ஜமக்காள ஈசி சேர்: நாமே செய்து பார்ப்போமா?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பல்லடம் பக்கம் சாயங்காலத்தில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி. கயிற்றுக் கட்டிலில் முதுகு சாய இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியோ எழுந்த மறுநிமிஷம் களத்துக்கு உருண்டு போய்விடும். அதனால்தான் மடக்கு ஈசி சேர் செய்யக் கிளம்பினேன். ரம்பமும் உளியும் பிடிக்கத் தெரிந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை.

முதலில் மரம். நான் கோட்டை விட்ட இடம் இதுதான். தோட்டத்தில் சாய்ந்த வேம்பை மில்லில் அறுத்து, இரண்டே வாரத்தில் நாற்காலியாக்கினேன். பங்குனி வெயிலில் போல்ட் போட்ட துளையிலிருந்து அரையடிக்கு வெடிப்பு ஓடியது. ஊர் ஆசாரி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பச்ச மரத்துல போல்ட்டப் போட்டா வெடிக்காம என்னுங்க பண்ணும்?" என்றார். வேம்பு நல்ல மரம்தான், கரையான் அவ்வளவாக அண்டாது. ஆனால் மாதக்கணக்கில் நிழலில் காய வேண்டும். அவசரக்காரர்கள் பழைய மரக்கடைக்குப் போய், இடித்த வீட்டுத் தேக்குச் சட்டங்களை வாங்குங்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு இழைப்புளி போடுங்கள்.

எல்லாச் சட்டமும் 2 அங்குல அகலம், 1¼ அங்குல கனம். மொத்தம் 30 அடி போதும். வெட்ட வேண்டியவை:

நெடுஞ்சட்டம் 48 அங்குலம் – 2
இருக்கைச் சட்டம் 42 அங்குலம் – 2
முட்டுச் சட்டம் 25 அங்குலம் – 2
குறுக்குச் சட்டம் 24 அங்குலம் – 2, 21 அங்குலம் – 2
1 அங்குல உருட்டுக் கட்டை, 27 அங்குலம் – 1

நெடுஞ்சட்டம் இரண்டையும் 24 அங்குலக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். இருக்கைச் சட்டங்களை 21 அங்குலச் சட்டங்கள் இணைக்கும். அந்தக் கூடு நெடுஞ்சட்டக் கூட்டுக்குள் நுழைந்து கத்தரிக்கோல் போலக் குறுக்கே நிற்கும். நெடுஞ்சட்டம் பின்னால் சாய்ந்துவிடாமல் முட்டுச் சட்டங்கள் தாங்கும்.

இனி காடி வெட்டுவது. குறுக்குச் சட்டம் உட்கார வேண்டிய இடத்தில், சட்டத்தின் 1¼ அங்குலப் பக்கத்தில், 2 அங்குல அகலத்துக்கு அரை அங்குல ஆழம் உளியால் எடுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் சோம்பல்பட்டு, மேலேயே வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிடுவார்கள். அதில் ஆள் எடை முழுவதும் ஸ்க்ரூ மேல் ஏறி, ஓட்டை இளகிவிடும். காடி இருந்தால் மரத்தை மரம் தாங்கும்; ஸ்க்ரூவுக்கு நழுவாமல் பிடிக்கிற வேலை மட்டும். நெடுஞ்சட்டத்தில் மேல் நுனியில் 1 அங்குலமும் கீழே 3 அங்குலமும் விட்டு, இரண்டு காடியும் முன்பக்கம். இருக்கைச் சட்டத்தில் முன் நுனியில் 1, பின் நுனியில் 3 விட்டு, இரண்டும் அடிப்பக்கம். பக்கம் மாறினால் துணி இழுக்கும்போது சட்டம் பிரிந்து வரும்.

துளைகளுக்கு வருவோம். நெடுஞ்சட்டத்தில் கீழிருந்து 16 மற்றும் 30 அங்குலத்தில். இருக்கைச் சட்டத்தில் முன் நுனியிலிருந்து 12-ல். முட்டின் மேல் நுனியிலிருந்து 1-ல். எல்லாம் 10 மி.மீ. துளை. 16-ல் இருக்கைக் கூடும், 30-ல் வெளிப்பக்கமாக முட்டும் சேரும். 3 அங்குல போல்ட் நான்கு, தானாக இளகாத நைலாக் நட்டு, ஒவ்வொரு மூட்டிலும் மரத்துக்கு நடுவே ஒரு வாஷர். முட்டுகளின் கீழ் நுனியிலிருந்து 1 அங்குலத்தில் 1 அங்குலத் துளையிட்டு உருட்டுக் கட்டையைப் பசை தடவி இறுக்குங்கள். அது விழுந்து உட்கார, இருக்கைச் சட்டத்தின் மேல்பக்கம் பின் நுனியிலிருந்து 6, 9, 12 அங்குலத்தில் முக்கால் அங்குல ஆழப் பள்ளங்கள் வேண்டும். 12 என்றால் நிமிர்ந்து பேப்பர் படிக்கலாம், 6 என்றால் குட்டித் தூக்கம்.

துணிக்கு பவானி ஜமக்காளம். 2005-06-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, நம் கொங்குப் பக்கத்து ஈசி சேருக்கு வேறெதற்கு அலைய வேண்டும்? 5 அடி நீளம், 18 அங்குல அகலம், இரட்டையாக. பாவு நூல் நீளவாக்கில் வரட்டும். ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் பிறகு சுருங்கும். இரு முனையிலும் நாலரை அங்குலம் மடித்து, ஓரத்திலிருந்து 1 அங்குலம் உள்ளே மூன்று வரி தைக்க வேண்டும். வீட்டுத் தையல் மிஷினில் ஊசிதான் உடையும். தார்ப்பாய் தைக்கிற கடையில் கொடுங்கள். மேல் குறுக்குச் சட்டத்தையும் முன் குறுக்குச் சட்டத்தையும் இந்த மடிப்புக்குள் நுழைத்து, பசையில்லாமல் ஸ்க்ரூ மட்டும் போடுங்கள். துவைக்கக் கழற்ற வேண்டுமே. தாத்தாவின் ஈசி சேரில் கம்பை உருவிவிட்டு ஒளிந்துகொண்ட பயல்களின் வாரிசுகள் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் இது இன்னும் நல்லது.

உப்புத்தாளில் 80 நம்பர் போட்டுத் தேய்த்து, பிறகு 120. ஓரங்களை, குறிப்பாகக் கை படும் இடங்களை, மழுக்கிவிடுங்கள். லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். தரையில் படும் நுனிகள் குடிக்கிற அளவுக்கு ஊற்றலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

துணி மாட்டியதும் உடனே சாய வேண்டாம். முதலில் 50 கிலோ தவிட்டு மூட்டையை அரைமணி நேரம் வைத்து, எங்காவது கிறீச்சென்கிறதா என்று கேளுங்கள். பிறகு நீங்கள்.

செம்மண் வாசலில் நான்கு காலுக்கும் கடப்பாக்கல் துண்டு கொடுங்கள், கரையானுக்காக. ஆடியில் வெறும் சேரை விரித்தபடி விட்டுவிட்டு உள்ளே போகக் கூடாது. பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டு என்னுடையது ஒருநாள் தொண்டுப்பட்டிப் படலில் போய் மாட்டியது. எருமை அதன் மேல் முகம் வைத்து நின்றுகொண்டிருந்தது.