பிக்கப் வண்டிக்குப் பழைய பிளாட் பெட் மாட்டும் முறை

பிளாட் பெட் (தட்டையான சரக்குத் தளம்) மாற்றிய வண்டியில் ஓராண்டுக்குள் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், விரிசல் விட்டால், பெரும்பாலும் பெட்டில் குறை இருக்காது. அது சேஸிஸ் மேல் உட்கார்ந்த விதத்தில்தான் இருக்கும். சுமை இரண்டு நீளச் சட்டங்களிலும் முழு நீளத்துக்குப் பரவி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் குத்தி இறங்கினால், பெட் எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. பொலேரோ பிக்கப், தோஸ்த் போல தனி சேஸிஸ் உள்ள வண்டிகளுக்கான முறை இது.

முதலில் காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எனவே பாடி வகையோ எடையோ மாறுமானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு கிளெய்ம் சிக்குவது இந்த இடத்தில்தான்.

பழைய பெட்டை வாங்கும்போது மேல் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். குறுக்குச் சட்டங்கள் நீளச் சட்டத்தோடு சேரும் வெல்டிங் ஓரங்களில்தான் முதல் விரிசல் வரும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் எடுக்கலாம், 10 மி.மீ. தாண்டினால் விட்டுவிடுங்கள். கோணிய பெட்டை நிமிர்த்தும் கூலிக்கு வேறு நல்ல பெட்டே கிடைத்துவிடும்.

எடையையும் கணக்குப் போடுங்கள். 2.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் உள்ள தளத்துக்கு 3 மி.மீ. தகடு என்றால் தகடு மட்டும் சுமார் 108 கிலோ; 5 மி.மீ. என்றால் 180 கிலோ. கூடுகிற ஒவ்வொரு கிலோவும் நீங்கள் சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கில் குறையும். பிக்கப்புக்கு 3 மி.மீ. செக்கர் பிளேட்டே (வழுக்காமலிருக்கப் புடைப்பு வைத்த தகடு) போதும்.

அடுத்து, பெட்டின் நீளச் சட்டங்களுக்கு இடையே உள்ள அகலம் சேஸிஸ் அகலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 20, 30 மி.மீ. தள்ளியிருந்தால் பாதி சேஸிஸ் மேலும் பாதி அந்தரத்திலுமாக உட்காரும். அப்படியே மாட்டினால் சேஸிஸின் மேல் விளிம்பு வளையும். நீளச் சட்டத்தை வெட்டியெடுத்துச் சரியான இடத்தில் மறுபடி வெல்டு செய்யுங்கள். இந்த வெல்டிங் எல்லாம் பெட் தரையில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

பழைய லோடு பாடியைக் கழற்றும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் எடுத்துவிடுங்கள். டெயில் லேம்ப் கனெக்டர், டீசல் ஊற்றும் குழாயின் கிளாம்ப் இரண்டையும் விடுவித்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். நான்கு மூலையிலும் செயின் கட்டி நேராகத் தூக்குங்கள். பிறகு சேஸிஸை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, பின் ஸ்பிரிங் பிராக்கெட் அருகே விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பிரைமர் அடியுங்கள். இனி இந்த இடம் கண்ணுக்கே தெரியாது.

பெட்டை எங்கே வைப்பது? சுமையின் நடுப்புள்ளி பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 3000 மி.மீ., சுமை 1200 கிலோ என்று வையுங்கள். நடுப்புள்ளி ஆக்ஸிலுக்கு 150 மி.மீ. முன்னால் இருந்தால் முன் சக்கரத்தில் 60 கிலோ ஏறும். அதே 150 மி.மீ. பின்னால் போனால் முன் சக்கரத்திலிருந்து 60 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாகி, ஈரச் சாலையில் முன் பிரேக் வழுக்கும். கேபினுக்கும் பெட்டுக்கும் 75 மி.மீ. இடைவெளி விடுங்கள், மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது இரண்டும் உரசக் கூடாது.

உயரத்தை டயர்தான் தீர்மானிக்கிறது. ஆக்ஸிலுக்கும் அது மேலே வந்து முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதோடு 50 மி.மீ. கூட்டுங்கள். டயர் மேல்பாகத்துக்கும் பெட்டின் அடிக்கும் அவ்வளவாவது வேண்டும். பல பிக்கப்பில் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸ் எழும்பி இருக்கும். மற்ற இடங்களில் சேஸிஸுக்கும் பெட்டுக்கும் நடுவே பேக்கிங் (இடைப்பட்டை) கொடுத்துச் சமமாக்க வேண்டும்.

பேக்கிங்குக்கு நூல் பின்னிய பழைய கன்வேயர் பெல்ட், 10 முதல் 12 மி.மீ. கனம், நன்றாக உழைக்கும். சேஸிஸ் நீளம் முழுக்க ஒரே பட்டையாகப் போடுங்கள்; துண்டு துண்டாக வைத்தால் சுமை மறுபடி புள்ளிகளில்தான் இறங்கும். மரம் காய்ந்து சுருங்கும்போது போல்ட் தளரும். மெத்தென்ற ரப்பரும் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

பெட்டின் நீளச் சட்டம் முன்னால் முடியும் இடம் மிக முக்கியம். அதைச் சதுரமாக வெட்டி விடாதீர்கள். முன் முனையைச் சரிவாகச் சீவி, அடி விளிம்பைக் கிரைண்டரால் உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த முனை சேஸிஸின் மேல் விளிம்பைக் குத்தும். கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் முறியும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனிக் கட்டுவது. சேஸிஸில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சட்டம் வளையும்போது அதிக இழுவிசை மேல், கீழ் விளிம்புகளில்தான் விழும்; அங்கே வெல்டு வைத்தால் சூடுபட்ட ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும். ஓட்டை போடுவதானால் சட்டத்தின் பக்கவாட்டு நடுப்பகுதியில் மட்டும். பெட்டையும் சேஸிஸையும் சேர்த்துக் கவ்வ, 'U' வடிவில் வளைந்த யூ போல்ட் பக்கத்துக்கு நான்கு, முதலாவது பெட்டின் முன் முனையிலிருந்து 300 மி.மீ.க்குள், அடுத்தடுத்து 650 மி.மீ. அளவில். யூ போல்ட் வரும் இடத்தில் சேஸிஸ் சேனலுக்குள் இரும்புச் சதுரக் குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இறுக்க இறுக்க விளிம்புகள் உள்ளே மடங்கும். போல்ட் இறுகியதாகத் தோன்றும், பிடி இருக்காது. பிரேக் பைப்பும் வயரிங்கும் போல்ட்டுக்கு அடியில் மாட்டவில்லையே என்று கையால் தடவிப் பாருங்கள்.

யூ போல்ட் உராய்வால் மட்டுமே பிடிக்கிறது. அவசர பிரேக்கில் சரக்கோடு பெட் கேபினை நோக்கி நகரும். அதனால் பின்பக்கம், பக்கத்துக்கு இரண்டாக, 6 மி.மீ. பிளேட்டுகள் வேண்டும். மேலே பெட்டோடு வெல்டு, கீழே சேஸிஸ் பக்கவாட்டில் 12 மி.மீ., 8.8 தர (வலிமைக் குறியீடு) போல்ட், எளிதில் தளராத நைலான் வளையம் வைத்த நைலாக் நட். டார்க் ரெஞ்சில் சுமார் 80 நியூட்டன் மீட்டர். பிளேட்டைப் பெட்டின் அளவுக்குக் குறித்து, பெட்டை மறுபடி தூக்கி வெளியே வைத்து வெல்டு செய்வது சலிப்பான வேலைதான். ஆனால் டீசல் டேங்க் அருகே பொறி பறப்பதைவிட அது மேல்.

டீசல் குழாய் வழி முழுக்கக் கீழ்நோக்கியே சரிய வேண்டும். நடுவில் தொங்கினால் பங்கில் டீசல் திருப்பி அடிக்கும். பின் ஆக்ஸிலோடு இணைந்த, சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் பிரேக் லோடு வால்வு இருந்தால் அதன் கம்பியை வளைக்கவோ கட்டிவைக்கவோ கூடாது. விளக்குகளுக்குப் பழைய வயரை நம்பாமல் புதிய 1.5 சதுர மி.மீ. வயர் இழுத்து, எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய சேஸிஸில் கொடுங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதென்றால் எர்த் சரியில்லை. ரிஃப்ளெக்டர் டேப் பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை.

வேலை முடிந்ததும் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நட்டிலும் பெயின்ட் கோடு போடுங்கள். முதல் லோடு ஏற்றி 100 கி.மீ. ஓடியதும் இறுக்குங்கள், 500 கி.மீ.யில் மறுபடியும், பெல்ட் படிந்து கொடுப்பது பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.