சின்ன ஊர் ஐஸ் ஹாக்கி மேட்ச்சுக்குப் போறது எப்படி, அங்க பிளேயர்களைப் பாக்கறது எப்படி

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து ஸ்விண்டன், பீட்டர்பரோ, மில்டன் கீன்ஸ், டெல்ஃபோர்ட்னு செட்டில் ஆன நம்மாளுங்க நிறைய பேருக்கு, குடியிருக்கற ஊர்லயே ஒரு ஐஸ் ஹாக்கி டீம் இருக்குன்னு தெரியறதே இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா கடைகண்ணிக்குப் போவோம், இல்ல யார் வீட்லயாவது பிரியாணி, அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை துணி துவைக்கறது. அதே சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷ கார் தூரத்துல, வாரம் முழுக்க வேற வேலை பாத்துட்டு வந்த ஆளுங்க உசுரைக் கொடுத்து ஆடிட்டு இருப்பாங்க. அவங்களைப் பாக்கத்தான் போகச் சொல்றேன்.

முதல்ல எந்த டீம்னு கண்டுபிடிங்க. பிரிட்டன்ல மேல் மட்டத்துல எலீட் லீக்னு ஒண்ணு இருக்கு, ஷெஃபீல்ட், நாட்டிங்ஹாம், கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் மாதிரி பெரிய ஊர் டீம்கள், அது முழுநேரத் தொழில். அதுக்கு அடுத்த படிதான் நேஷனல் ஐஸ் ஹாக்கி லீக், சுருக்கமா என்.ஐ.ஹெச்.எல். அதோட நேஷனல் டிவிஷன் 2019ல ஆரம்பிச்சது. ஸ்விண்டன் வைல்ட்கேட்ஸ், பீட்டர்பரோ ஃபேண்டம்ஸ், டெல்ஃபோர்ட் டைகர்ஸ், மில்டன் கீன்ஸ் லைட்னிங் எல்லாம் இந்த வகை. லண்டன் பக்கம் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட்ல இருக்கறவங்களுக்கு ராம்ஃபோர்ட்ல ரெய்டர்ஸ் இருக்கு. டூட்டிங், க்ராய்டன் ஆளுங்களுக்கு ஸ்ட்ரெத்தம் ரெட்ஹாக்ஸ், அது ஒரு படி கீழ ஆடற டீம் ஆனா 1932லயே ஆரம்பிச்ச கிளப், அந்தப் பாரம்பரியத்துக்காகவே ஒருதடவை போகலாம். பிரிட்டன் 1936 ஒலிம்பிக்ஸ்ல ஐஸ் ஹாக்கி தங்கமே ஜெயிச்சிருக்கு, இங்க இருக்கற வெள்ளைக்காரங்கள்லயே பாதிப்பேருக்கு அது தெரியாது.

சீசன் செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் போகும். வழக்கமா ஒரு வாரக்கடைசியில ரெண்டு மேட்ச், ஒண்ணு உள்ளூர்ல, இன்னொண்ணு வெளியூர்ல. டிக்கெட் ஆன்லைன்லயே எடுத்துடுங்க, பிரீமியர் லீக் ஃபுட்பால் டிக்கெட்டோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. குளிருக்கு நல்லா மூடிட்டுப் போங்க, இதை லேசா எடுத்துக்காதீங்க, உள்ள ஐஸ் சுமார் மைனஸ் அஞ்சு டிகிரியில இருக்கும், ரெண்டரை மணி நேரம் பிளாஸ்டிக் சீட்ல உக்காரணும். தடிமனான சாக்ஸ், ஒரு சால்வை, சின்னக் குழந்தை இருந்தா காதுக்கு ஹெட்ஃபோன் மாதிரி ஒரு மூடி, ஏன்னா மேளமும் கோல் விழுந்தா அடிக்கற ஹார்னும் சத்தம் தாங்காது.

இடம் எங்க பிடிக்கறதுன்னா, கோலுக்குப் பின்னாடி வேணாம், முதல் தடவை போறவங்க ரிங்க்கோட, அதாவது ஐஸ் ஆடுகளத்தோட, நடுவுல கொஞ்சம் மேல உக்காருங்க, முடிஞ்சா பிளேயர்ஸ் பெஞ்ச்சுக்கு எதிர்ப்பக்கம். ஐஸைச் சுத்தி இருக்கற கண்ணாடித் தடுப்புக்கு மேல பறந்து வர்ற பக் (பந்துக்குப் பதிலா அடிக்கற தட்டையான வட்டு) பத்தி மட்டும் ஜாக்கிரதை. அது உறைய வெச்ச ரப்பர், 160 கிராம் பக்கம் இருக்கும், ஆட்டம் ஓடிட்டிருக்கும்போது குனிஞ்சு போன் பாக்காதீங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த பிளேயர்கள் யாரு? நம்மூர்ல லீக் கிரிக்கெட் ஆடுற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பேங்க்லயோ ரயில்வேயிலயோ வேலை கிடைக்கும், ஆட்டம்தான் சோறு போடும். இங்க அப்படியே தலைகீழ். எலக்ட்ரீஷியன், ஸ்கூல் டீச்சர், ஜிம் ட்ரெய்னர், வேர்ஹவுஸ்ல ஷிஃப்ட் பாக்கறவர், யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்னு ஆளாளுக்கு ஒரு பொழப்பு இருக்கும், அதுக்கு மேலதான் ஹாக்கி. நேஷனல் டிவிஷன்ல கிளப் ஏதோ ஒரு தொகை கொடுக்கும், ஆனா அதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாதவங்கதான் பெரும்பாலும். கீழ் டிவிஷன்ல நிறைய பேர் கைக்காசு போட்டே ஆடுறாங்க. நல்ல கார்பன் ஸ்டிக் ஒண்ணு 200 பவுண்டுக்கு மேல, ஒரு ஷாட்ல உடையலாம். ப்ராக்டீஸும் ராத்திரி லேட்டாத்தான், ஏன்னா சாயங்காலம் ரிங்க் பொதுமக்கள் ஸ்கேட்டிங்குக்கு வாடகைக்குப் போயிடும், ரிங்க்குக்கு வருமானம் அதுலதான். ராத்திரி பத்து மணிக்கு மேல ஐஸ்ல இறங்கிட்டு, மறுநாள் காலைல ஏழு மணிக்கு வேலைக்குப் போற ஆளைத்தான் சனிக்கிழமை பாக்கப் போறீங்க, இதை மனசுல வெச்சுக்கிட்டுப் பாத்தா ஆட்டமே வேற மாதிரி தெரியும்.

ஒவ்வொரு டீம்லயும் சில வெளிநாட்டு பிளேயர்கள் இருப்பாங்க, அதுக்கு லீக்ல கட்டுப்பாடு உண்டு. கனடா, அமெரிக்கா, செக், ஸ்வீடன்னு எங்கயாவது இருந்து வந்திருப்பாங்க, அவங்களுக்கு ஹாக்கிதான் முழுநேர வேலை, தங்கறதுக்கு வீடு மாதிரி வசதிய கிளப் பாத்துக்கும். கோல் கணக்குல மேல இருக்கறது பெரும்பாலும் இவங்கதான். கூடவே எலீட் லீக் டீமோட டூ-வே காண்ட்ராக்ட்ல (ரெண்டு டீமுக்கும் ஆடலாம்ங்கற ஒப்பந்தம்) இருக்கற பதினெட்டு பத்தொன்பது வயசுப் பசங்க, அங்க சான்ஸ் கம்மியா இருக்கறப்ப இங்க வந்து ஆடுவாங்க. இவங்களைத் தவிர மிச்சமெல்லாம் பெரும்பாலும் அந்த ஊர், அக்கம்பக்கத்து ரிங்க்ல சின்ன வயசுல ஸ்கேட்டிங் கத்துக்கிட்டவங்க. ஸ்விண்டன்ல ஆரன் நெல்னு ஒருத்தர், கோல் அடிக்கறதுல லீக்லயே பேர் போனவர், ஒரே நேரத்துல பிளேயராவும் கோச்சாவும் இருந்திருக்கார். பெஞ்ச்ல இருந்து ஆளை மாத்தினதும் அவரே, ஐஸ்ல குதிச்சதும் அவரே. பெரிய லீக்ல இதெல்லாம் அபூர்வம்.

மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, வார்ம்-அப்பைத் தவறவே விடாதீங்க. ஹெல்மெட்டும் கழுத்துப் பட்டையும் மாட்டினதும் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவாங்க, வார்ம்-அப்லதான் நிதானமா நம்பரை வெச்சு ஆளைப் பழகிக்கலாம். சட்டையில "சி" போட்டிருந்தா கேப்டன், "ஏ" போட்டிருந்தா துணை கேப்டன். கோலியை, அதாவது கோல் காக்கறவரை, நல்லா கவனிங்க. அவர் ஐஸ்ல இறங்கி வந்ததும் தன் கோல் முன்னாடி இருக்கற வழவழப்பான ஐஸை ஸ்கேட்டால பக்கவாட்டுல தேய்ச்சு தேய்ச்சு சொரசொரப்பாக்குவார், கால் பிடிமானத்துக்கு. அப்புறம் ரெண்டு போஸ்ட்டையும் ஸ்டிக்கால ஒரு தட்டு தட்டி, தான் நடுவுல இருக்கோமான்னு பாத்துக்குவார். ஆட்டத்துக்கு நடுவுலயும் பக் அந்தப் பக்கம் இருக்கறப்ப இதையே பண்ணிட்டு இருப்பார், பாக்கவே அழகா இருக்கும்.

அந்தக் கழுத்துப் பட்டைக்கு ஒரு காரணம் இருக்கு. 2023 அக்டோபர் 28ல ஷெஃபீல்ட்ல நடந்த மேட்ச்ல நாட்டிங்ஹாம் பேந்தர்ஸ் பிளேயர் ஆடம் ஜான்சன், ஸ்கேட் பிளேடு கழுத்துல வெட்டி இறந்துபோனார். அதுக்கப்புறம் இங்கிலாந்து ஐஸ் ஹாக்கி சங்கம் தன்கீழ இருக்கற லீக்குகள்ல 2024 ஜனவரி 1ல இருந்து நெக் கார்டு கட்டாயம்னு ஆக்கிடுச்சு. வேகமான ஆட்டம், காலுக்குக் கீழ கத்தி மாதிரி பிளேடு, இதுல வாரச் சம்பளத்துக்கு வேற வேலை பாக்கற ஆளுங்க இறங்கி ஆடுறாங்க. தோள் இறங்கிட்டா ஹாக்கி மட்டுமா போச்சு, திங்கக்கிழமை வேலையும் போச்சுல்ல.

ஆட்டம் புரியறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட வேணாம். இருபது நிமிஷம் வீதம் மூணு பீரியட், ஒரு பக்கம் கோலியோட சேத்து ஆறு பேர். எதிரணி பக்கத்து நீலக் கோட்டை பக்குக்கு முன்னாடி தாண்டினா ஆஃப்சைடு. தப்பு பண்ணினா ரெண்டு நிமிஷம் பெனால்டி பாக்ஸ்ல உக்காரணும், அந்த நேரத்துல டீம் ஒரு ஆள் கம்மியா சமாளிக்கணும். சமமா முடிஞ்சா மூணு பேருக்கு மூணு பேர் ஓவர்டைம், அப்பவும் முடியலைன்னா பெனால்டி ஷாட். மிச்சமெல்லாம் பக்கத்து சீட் பெரியவரைக் கேளுங்க, சந்தோஷமா சொல்லிக்கொடுப்பார், நாப்பது வருஷமா வர்றவங்கல்லாம் இருப்பாங்க.

முதல் தடவை போறவங்க எல்லாரும் பக்கையே கண்ணால துரத்திட்டு, கண்ணு பூத்துப்போய் "ஒண்ணும் புரியல"ன்னு வெளிய வருவாங்க. அதுக்கு ஒரு வழி சொல்றேன். முதல் பீரியட்ல ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்க, முடிஞ்சா டிஃபென்ஸ் ஆடுற உள்ளூர்க்காரர், அவரையே பாருங்க, பக் எங்க போனாலும் போகட்டும். பெஞ்ச் சுவரைத் தாண்டி ஐஸ்ல குதிப்பார், ஒரு முக்கா நிமிஷம் தம் கட்டி ஓடுவார், திரும்பி வந்து தொப்புன்னு உக்காருவார், வாய்ல தண்ணியைப் பீச்சிக்குவார், மூச்சு இறைக்கும், பக்கத்துல இருக்கறவர்கிட்ட ஸ்டிக்கால எதையோ காட்டிப் பேசுவார், ரெண்டு மூணு நிமிஷத்துல மறுபடி குதிப்பார். அந்த முக்கா நிமிஷத்துக்குப் பேர்தான் ஷிஃப்ட். அந்த ஷிஃப்ட்ல அவர் பக்கைத் தொடாமலேயே கூட இருக்கலாம், ஆனா எதிராளியை சுவரோரமா ஒதுக்கிட்டே போயிருப்பார், கோலிக்கு முன்னாடி நின்னு ஷாட்டைக் கால்ல வாங்கியிருப்பார். ஷாட்டைக் கால்ல வாங்கினவர் பெஞ்ச்சுக்கு நொண்டிட்டே வர்றப்ப, டீம்ல மத்தவங்க எல்லாரும் ஸ்டிக்கால பெஞ்ச் சுவரைத் தட்டுவாங்க. கோல் அடிச்சவனுக்கு ஊரே கத்தும், இவருக்கு அந்தத் தட்டல்தான் மரியாதை, அதை கவனிச்சுக் கேளுங்க. மூணாவது பீரியட்ல களைப்பு தெரிய ஆரம்பிக்கும், ஷிஃப்ட் நீளும், திரும்பறது மெதுவாகும், அங்கதான் நிறைய கோல் விழும். இப்படி ஒரு ஆளை முழுசாப் பாத்துட்டா அடுத்த வாரம் பக் எங்க இருக்குன்னு கண்ணு தானா கண்டுபிடிச்சுடும்.

இடைவேளை பதினஞ்சு நிமிஷம், ஐஸை சுடுதண்ணி ஊத்தி வழவழப்பாக்கற வண்டி ஓடும், குழந்தைங்களுக்கு அதுவே போதும். அந்த நேரத்துல ஃபிஃப்டி-ஃபிஃப்டி டிக்கெட் வித்துட்டு வருவாங்க, சேர்ந்த பணத்துல பாதி ஜெயிச்சவருக்கு, பாதி கிளப்புக்கு. நம்பர் போட்ட பக் வாங்கி ஐஸ்ல வீசற போட்டியும் இருக்கும். வாங்குங்க. டிவி ஒப்பந்தப் பணம் கொட்டற லீக் இல்ல இது, டிக்கெட்டும் உள்ளூர் ஸ்பான்சரும் இந்தச் சில்லறையும்தான் பஸ் டீசலுக்கும் ஐஸ் வாடகைக்கும் போகுது. டிக்கெட் விக்கறவங்க, கடிகாரம் பாக்கறவங்க, பெனால்டி பாக்ஸ் கதவு திறக்கறவங்கன்னு நிறைய பேர் சம்பளம் இல்லாம செய்யறவங்க, ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்க.

மேட்ச் முடிஞ்சதும் பார்க்கிங்ல கூட்டம்னு அவசரமா எந்திரிக்காதீங்க. ரெண்டு டீம்லயும் மேன் ஆஃப் த மேட்ச் கொடுத்து, வரிசையா நின்னு கை குலுக்குவாங்க. அரைமணி கழிச்சு பிளேயர்கள் தலை ஈரத்தோட, தோள்ல பெரிய பையோட வெளிய வருவாங்க, பல கிளப்கள்ல அப்ப நேரா போய்ப் பேசலாம். என்ன பேசறதுன்னு கூச்சப்பட வேணாம். "அந்த ரெண்டாவது பீரியட்ல நீங்க கால்ல தடுத்தது சூப்பர்"னு குறிப்பா ஒண்ணு சொல்லுங்க, முகம் மலர்ந்துடும், ஏன்னா கோல் அடிக்காத ஆளுக்கு அதை யாரும் சொல்றதில்ல. தோத்துட்டு வந்தா ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க, மறுநாள் வெளியூர் மேட்ச் இருக்கும். சம்பளம் எவ்வளவுன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, நம்மாளுங்களுக்கு அது சாதாரணக் கேள்வி, இங்க அது அவங்களை சங்கடப்படுத்தும்.

பிடிச்சுப்போச்சுன்னா ஒரு படி மேல போகலாம். நிறைய கிளப்ல பிளேயர் சட்டைக்கு ஸ்பான்சர் பண்ற திட்டம் இருக்கு, தனிநபரா இல்ல ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்தும் எடுக்கலாம், சீசன் முடிவுல அவர் ஆடின அந்தச் சட்டை உங்களுக்கு வரும். ஸ்டார் பிளேயர் சட்டை சீக்கிரமே போயிடும், நீங்க அந்த டிஃபென்ஸ்காரரோடதைக் கேளுங்க. குழந்தைக்கு ஆசை வந்தா அதே ரிங்க்ல ஸ்கேட்டிங் வகுப்புல சேருங்க, முதல்ல வாடகை ஸ்கேட்ஸ் போதும், ஹெல்மெட் கண்டிப்பா வேணும், முழு கிட் வாங்க அவசரப்படாதீங்க, ஜூனியர் டீம் பெற்றோர்கிட்ட கேட்டா பழசு நல்ல விலைக்குக் கிடைக்கும், ஆறு மாசத்துல கால் வளர்ந்துடும். ஏப்ரல்ல நேஷனல் டிவிஷன் ப்ளே-ஆஃப், அதாவது சீசன் முடிவுல நடக்கற சாம்பியன் போட்டி, அதோட கடைசி வாரக்கடைசி வழக்கமா கோவென்ட்ரி ஸ்கைடோம் ரிங்க்ல நடக்கும், நாலு ஊர் ரசிகர்களும் ஒரே கூரைக்கு அடியில, உங்க டீம் தகுதி பெறுமோன்னு காத்திருந்தா டிக்கெட்டும் ஹோட்டலும் கிடைக்காது, முன்னாடியே போட்டு வெச்சுடுங்க.