மடக்கின விரல் நிமிர மாட்டேங்குதா? கை மொழி (மூட்டு) நோவைப் பிரிச்சுப் பாக்கிற விதம்

காலமை தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் போனா மோதிர விரல் மடிஞ்சபடியே நிக்கும், மற்றக் கையால இழுத்தா டக் எண்டு நிமிரும், எனக்கு இப்பிடித்தான் துவங்கினது. நான் விரல் மொழியில பாம் பூசிப் பூசி ரெண்டு மாசம் வீணாக்கினன். நோவு மொழியில தெரியுது, ஆனா பழுது உள்ளங்கையில.

தூண்டில் தடியில வளையத்துக்குள்ளால நூல் ஓடுது தானே, விரலை மடக்கிற தசைநாணும் அப்பிடித்தான் ஓடுது, அந்த வளையம் தடிச்சு நாணிலயும் ஒரு முடிச்சு மாதிரி விழுந்தா அது சிக்கும். விரல் துவங்கிற இடத்தில உள்ளங்கைப் பக்கமா அமத்திக்கொண்டு விரலை மெதுவா மடக்கி நீட்டிப் பாருங்க, சின்னப் பட்டாணி போல ஒண்டு உருளும். இதுக்குப் பேர் ட்ரிகர் ஃபிங்கர். சீனி வருத்தக்காரருக்குக் கூடுதலா வரும்.

செய்ய வேண்டியது என்னெண்டா, முதல்ல இழுத்து முறிக்கிறதை விடுங்க. எழும்பினதும் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியில பத்து நிமிசம் வச்சு மெல்ல மடக்கி நீட்டுங்க. இரவில விரல் மடியாம ஒரு ஐஸ்கிறீம் குச்சியை வச்சுப் பிளாஸ்டர் ஒட்டலாம், இறுக்க வேண்டாம். இறுக்கிப் பிடிக்கிற வேலையை கொஞ்ச கிழமைக்குக் குறைக்கோணும். குறையேல்லையெண்டா டொக்டர் ஸ்டெராய்ட் ஊசி ஒண்டு போடுவார், அதுக்கும் சரிவராட்டி சின்ன ஒபரேசன். ஊசி போட்டா கொஞ்ச நாளைக்கு சீனி ஏறும், அதால சீனி இருந்தா முதலே சொல்லிப்போடுங்க.

நோவில்லாம விறைப்பு எண்டா அது வேற கதை. நடுச்சாமத்தில கை விறைச்சு எழும்பி உதறினா சுகமாகுதா? சின்ன விரலைக் கவனியுங்க. அது விறைக்காம பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மட்டும் விறைச்சா அனேகமா மணிக்கட்டுக்குள்ள நரம்பு நசியுது, கார்ப்பல் டனல் எண்டு சொல்லுவாங்க. படுக்கேக்க மணிக்கட்டு மடியாம நேரா வச்சிருக்கிற பட்டி போட்டா கனபேருக்குக் குறையும். பிள்ளைத்தாச்சிக்கும் தைரொயிட் உள்ள ஆக்களுக்கும் இது வாறது. பெருவிரலடி மெலிஞ்சுகொண்டு வந்தா இல்லாட்டி சாமான் கைநழுவி விழுந்தா இழுத்தடிக்காம காட்டுங்க.

கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி பெருவிரல் பக்க மணிக்கட்டு நோகுதெண்டா, பிள்ளையின்ர அக்குளுக்குள்ள பெருவிரலை விரிச்சுத் தூக்காம கையை அடியில குடுத்துத் தூக்குங்க, அவ்வளவுதான்.

இனி மொழி நோவு. காலமை இறுகின கை அரை மணித்தியாலத்துக்குள்ள இளகி, விரல் நுனி மொழியில கட்டியா முண்டினா அது பெரும்பாலும் தேய்மானம். ரெண்டு கையிலயும் விரலடி மொழி வீங்கி, ஒரு மணித்தியாலம் போயும் மூடித் திறக்க ஏலாட்டி மூட்டுவாதமா இருக்கலாம், அதுக்குக் கெதியா மருந்து துவங்கினாத்தான் மொழி தப்பும், பனடோலோட நாளைக் கடத்த வேண்டாம். சிக்குன்குனியா வந்து போன ஆக்களுக்கும் மாசக்கணக்கா மொழி நோகும், 2006 கடைசியில இலங்கையில அது பரவினதுக்குப் பிறகு எங்கட அயலில இதைக் காணாத வீடில்ல. ஒரு மொழி மட்டும் திடீரெண்டு சிவந்து கொதிச்சு காய்ச்சலும் எண்டா அண்டைக்கே ஆசுபத்திரி.

திருகோணமலைக் கன்னியாவில இருக்கிற ஏழு வெந்நீர்க் கிணத்தில குளிச்சா வாதம் போகுமெண்டு ஆச்சி சொல்லுவா. சூடு இறுக்கத்தை இளக்கும், வருத்தத்தை மாத்தாது, அதுக்காகப் போக வேண்டாமெண்டில்ல.

பெரிய வித்தியாசம் குசினியிலதான். திருவலைப் பிடியில பழந்துணி சுத்தினா பிடி மொத்தமாகி விரல் குறைய இறுக்கும், தேங்காய்ப் பாதியில கொஞ்சம் நிப்பாட்டுங்க. இடியப்ப மாவைக் கொஞ்சம் தளர்வாக் குழைச்சு, விரலால இறுக்காம உள்ளங்கையால அமத்துங்க. சாரத்தை முறுக்கிப் பிழியாம பைப்பில சுத்தி ரெண்டு கையாலயும் இழுங்க. மீன் வாங்கின பையை விரலில தொங்கவிடாம முழங்கையில மாட்டுங்க.

நெட்டி முறிச்சா வாதம் வருமெண்டு அம்மா இண்டைக்கும் ஏசுவா. அமெரிக்காவில டொனால்ட் அங்கர் எண்ட டொக்டருக்கும் அவற்ற அம்மா இப்பிடித்தான் சொன்னவவாம், அதால மனுசன் 60 வருசமா இடக்கை விரல் மட்டும் முறிச்சுப் பாத்திருக்கார், ரெண்டு கையிலயும் வாதம் வரேல்ல, அதுக்கு 2009இல பகிடிக்குக் குடுக்கிற இக் நோபல் பரிசும் வாங்கினவர். அம்மாட்டச் சொன்னன், அவ நம்பேல்ல.