வாத்து ரோஸ்டுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கிரான்பெர்ரி சாஸ்

கிரான்பெர்ரி சாஸுக்கு வேண்டியது பழம், சீனி, தண்ணீர், அவ்வளவுதான். அடுப்பில் இருக்கிற நேரம் கால் மணி கூட வராது. இதைப் பெரிய வெளிநாட்டு வித்தை என்று நினைத்துக்கொண்டு, டிசம்பர் பிறந்ததும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறி, டின்னில் அடைத்த சாஸை யானை விலை கொடுத்து வாங்கி வருகிறவர்கள் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் இப்போது நிறையப் பேர். மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் இந்த ஆசை கொஞ்சம் கூடுதல், அங்கே போய் ஒரு நவம்பரைக் கழித்துவிட்டு வந்த அம்மாக்கள் அதன் ருசியை நாக்கிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. டின்தான் தேவையில்லை.

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றி செலுத்தும் நாள், அன்றைக்குச் சுட்ட வான்கோழிக்குப் பக்கத்தில் இது கட்டாயம் இருக்கும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வான்கோழிக்கு. கொழுப்பும் உப்புமாக இருக்கிற இறைச்சியைத் தொடர்ந்து சாப்பிட்டால் நாக்கு சலித்துப் போகும், இடையில் ஒரு வாய் புளிப்பும் இனிப்பும் போனால் மறுபடி பசிக்கும், இந்த சாஸுக்கு இருக்கிற வேலை அதுதான். நம் வீடுகளில் பீஃப் ரோஸ்டுக்குப் பக்கத்தில் வெங்காயத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து வைப்பதும் இதற்காகத்தான். ஆகவே இனிப்பு தூக்கலாக இருந்தால் அது ஜாம். புளிப்பு முன்னால் வர வேண்டும், இனிப்பு பின்னால் வர வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அளவுகளைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றினாலும் சாஸ் கெடாது.

பழம் எங்கே கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. கிரான்பெர்ரி வட அமெரிக்கப் பழம். மாசசூசெட்ஸில் பெயர் பெற்றது, இன்றைக்கு அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வருகிறது. அறுவடைக்குத் தோட்டத்தில் தண்ணீரைக் கட்டிவிடுவார்கள், பழத்துக்குள்ளே நான்கு சின்னக் காற்று அறைகள் இருப்பதால் கொடியிலிருந்து உதிர்ந்ததெல்லாம் மேலே மிதக்கும், அப்படியே வளைத்து அள்ளிக்கொள்வார்கள். பச்சைப் பழம் நம் சந்தைக்கு வருவது அபூர்வம். உறைய வைத்த பாக்கெட் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும், உலர்ந்தது திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற கடைத்தெருவிலும் நாகர்கோவிலிலும் முந்திரி, பாதாம் விற்கிற கடைகளில் கிடைக்கும். பேக்கரிக்காரர்கள் கேக்கில் போடுகிற பளபளப்பான சிவப்பு ‘செர்ரி’யை வாங்கிவந்து இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது பெரும்பாலும் செர்ரியே இல்லை, களாக்காயைச் சாயம் ஏற்றிச் சீனிப்பாகில் ஊறவைத்தது, புளிப்பெல்லாம் எப்போதோ போயிருக்கும்.

உறைந்த பாக்கெட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. அமெரிக்கப் பாக்கெட் 340 கிராம் இருக்கும், அதற்கு 200 கிராம் சீனி, 240 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நம் கடையில் அரைக் கிலோ பாக்கெட் கிடைத்தால் சீனி 300 கிராம், தண்ணீர் 350 மில்லி. பழத்தை உருக வைக்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி, காம்பு இருந்தால் கிள்ளி, நசுங்கிக் கறுத்ததைத் தள்ளிவிட்டால் போதும்.

பாத்திரம் முக்கியம். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், பழம் நிற்கிற உயரத்தைவிட மூன்று மடங்கு ஆழம் இருக்கட்டும், இது நுரைத்துப் பொங்கும். அலுமினியமும் இரும்பும் ஆகாது, புளிப்பு பட்டால் சாஸில் ஒரு உலோக வாடை ஏறிவிடும். மண்சட்டி புளிப்புக்கு நல்லதுதான், ஆனால் நம் வீட்டு மண்சட்டி எதுவாக இருந்தாலும் அதில் என்றைக்காவது மீன் வெந்திருக்கும்.

முதலில் சீனியையும் தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். சீனி முழுக்கக் கரைந்து கொதி வந்ததும் பழத்தைக் கொட்டுங்கள். உறைந்த பழம் விழுந்ததும் கொதி அடங்கிவிடும், மறுபடி கொதி வரும்வரை தீ கூடுதலாக இருக்கலாம், வந்ததும் நடுத்தரத்துக்கு இறக்கிவிட வேண்டும். இப்போது மூடியைப் பாதி சாய்த்து வையுங்கள். முன்பு சொன்ன காற்று அறைகள் சூடேறித் தோல் பிளக்கும்போது, தாளிக்கிற கடுகு மாதிரி பட் பட்டென்று வெடிக்கும், சேலையிலோ வெள்ளை வேட்டியிலோ தெறித்தால் அந்தச் சிவப்பு சுலபத்தில் போகாது. வெடிப்பது நல்ல அடையாளம். பழத்திலிருக்கிற பெக்டின் அப்போதுதான் வெளியே வந்து தண்ணீரில் கலக்கிறது. பெக்டினும் புளிப்பும் சீனியும் சேர்ந்துதான் சாஸ் தானாக உறைகிறது, அதனால் சோளமாவு கரைத்து ஊற்றுவது, கடல்பாசி போடுவது எதுவும் வேண்டாம். சோளமாவு போட்ட கிரான்பெர்ரி சாஸ் பார்க்கப் பளபளக்கும், வாயில் வைத்தால் வழவழ என்று இருக்கும். எனக்குப் பிடிக்காது.

முக்கால்வாசிப் பழம் வெடித்த பிறகு மூடியை எடுத்துவிட்டு, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே சிலதைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்குங்கள். எல்லாவற்றையும் நசுக்க வேண்டாம், அங்கங்கே முழுப்பழம் கிடந்தால்தான் வீட்டில் செய்தது என்று தெரியும். மேலே திரள்கிற இளஞ்சிவப்பு நுரையைக் கரண்டியால் ஒதுக்கி எடுத்துவிடலாம். கொதி திரும்பியதிலிருந்து மொத்தம் பத்து நிமிடம், மிஞ்சினால் பன்னிரண்டு. முதலில் சின்னச் சின்னக் குமிழாக ஆர்ப்பாட்டமாகக் கொதித்தது, பிறகு குமிழ் பெரிதாகி நிதானமாக உடையும், கரண்டியின் பின்பக்கத்தில் சாஸ் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழியும். இதுதான் இறக்க வேண்டிய கட்டம்.

கெடுக்கிறவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். “இன்னும் தண்ணியா இருக்கே” என்று மேலும் பத்து நிமிடம் விட்டுவிடுவார்கள். சூட்டில் இது தண்ணீராகத்தான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். வேண்டிய பதத்தைவிட ஒரு படி இளக்கமாக இருக்கும்போதே இறக்க வேண்டும். அதிக நேரம் கொதித்தால் பெக்டினே சிதைந்துவிடும், அல்லது தண்ணீர் வற்றி ஆறியதும் கட்டியாகக் கரண்டியில் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஆரம்பத்திலேயே ஒரு சின்ன சாஸரை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அதில் ஒரு சொட்டு சாஸை விட்டு, அரை நிமிடம் பொறுத்து, விரலால் ஓரத்திலிருந்து தள்ளிப் பாருங்கள். மேல்தோல் சுருங்கிக்கொண்டு நகர்ந்தால் அடுப்பை அணைத்துவிடலாம், விரலுக்கு முன்னால் தண்ணீராக ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம். பரிசோதிக்கிற நேரத்தில் அடுப்பைச் சிம்மில் வைக்க மறந்துவிடாதீர்கள்.

வாசனைக்கு என்ன போடுவது? டிசம்பரில் ஆரஞ்சு மலிவு. தண்ணீரில் பாதிக்கு ஆரஞ்சுச் சாறு சேர்க்கலாம், தோலையும் கொஞ்சம் துருவிப் போடலாம். மேல்தோலின் ஆரஞ்சு நிறம் மட்டும்தான் வேண்டும், வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும், கமலா ஆரஞ்சின் தொளதொளத் தோலைத் துருவுவது கஷ்டம் என்பதால் பழத்தை உரிப்பதற்கு முன்பே துருவிக்கொள்ளுங்கள். அப்புறம் கிராம்பு. நம் மாவட்டத்து மாறாமலை, வெள்ளிமலைப் பக்கத்துக் கிராம்புக்கு 2021-இல் கன்னியாகுமரிக் கிராம்பு என்று புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, எண்ணெய்ச் சத்து அதிகம், காரமும் அதிகம், ஆகவே இரண்டே இரண்டு போதும், இறக்கியதும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். பட்டை ஒரு சின்னத் துண்டு நல்லது. ஏலக்காய் வேண்டவே வேண்டாம், அது விழுந்த நிமிடம் பாயச வாசனை வந்துவிடும். சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று ஊரில் கட்டாயம் ஒருவர் கேட்பார். முழுக்கப் போட்டால் நிறமும் கறுக்கும், கருப்பட்டி வாசனைதான் தெரியும். சீனியில் கால் பங்கை மட்டும் கருப்பட்டியாக மாற்றிப் பாருங்கள், பீஃபுக்கு அது உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

உலர்ந்த கிரான்பெர்ரிதான் கிடைத்தது என்றால் கணக்கு மாறும். கடையில் விற்கிற உலர்ந்த பழத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே சீனி சேர்த்திருப்பார்கள், பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். 150 கிராம் பழத்தை ஒன்றரைக் கப் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு ஒரு ஆப்பிளைத் தோலுடன் துருவிச் சேர்த்து, சிறு தீயில் கால் மணி நேரம் வேகவிடுங்கள். ஆப்பிள் போடுவது பெக்டினுக்காக. சீனி இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதுவும் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். வெந்ததில் பாதியை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித் திரும்பக் கலந்து, இறக்கும்போது ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். பச்சைப் பழத்தின் அந்தக் கூர்மையான புளிப்பு வராது, ஆனால் மேசைக்கு வைக்கலாம்.

இரண்டும் இல்லையா? வீட்டுக்குப் பின்னாலேயோ பக்கத்து வீட்டிலேயோ லூபிக்கா மரம் இருக்கிறதா பாருங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பல வீட்டு முற்றங்களில் நிற்கிற மரம், காய்த்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதோடு சரி. சிவப்பு, பல் கூசுகிற புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. கிரான்பெர்ரிக்கு நம் ஊரில் இதைவிட நெருங்கிய பழம் எனக்குத் தெரியாது. காய்க்கிற நேரத்தில் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டு வைத்தால் டிசம்பருக்கு ஆகும். அரைக் கிலோ பழத்தை ஒரு கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் வடிகட்டுகிற கண் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் விதையும் தோலும் மேலே நின்றுவிடும். கிடைத்த கூழை அளந்து, ஒரு கப்புக்கு முக்கால் கப் சீனி என்று போட்டு, மறுபடி கொதிக்கவைத்துச் சாஸரில் சொட்டு விட்டுப் பார்த்து இறக்குங்கள். சீனி குறைத்தால் துவர்ப்பு எட்டிப் பார்க்கும். விருந்தாளியிடம் இதைக் கிரான்பெர்ரி என்று ஏமாற்ற வேண்டாம், லூபிக்கா சாஸ் என்றே சொல்லுங்கள், இன்னும் இரண்டு கரண்டி கேட்பார்கள்.

எப்போது செய்வது என்றால், இருபத்து நான்காம் தேதி மட்டும் வேண்டாம். அன்றைக்கு ராத்திரி ஆராதனை, குடில் ஜோடனை, இறைச்சிக்கடை வரிசை, அச்சுமுறுக்கு டப்பாவைத் தேடுகிறவர்கள் என்று வீடே ஒரு நிலையில் இருக்காது. இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் செய்து வைத்துவிடுங்கள், இரண்டு நாள் இருந்தால் கிராம்பு வாசனை இறங்கி ருசி இன்னும் கூடும். நன்றாக ஆறிய பிறகு, வெந்நீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாள் தாராளமாக இருக்கும், ஃப்ரீசரில் இரண்டு மாதம். ஈரக் கரண்டி போடக் கூடாது. மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது ரொம்ப இறுகியிருந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்குங்கள், இளகியிருந்தால் திரும்ப அடுப்பில் வைத்து மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்.

இருபத்தைந்தாம் தேதி பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், சூடாக்க வேண்டாம். வாத்து ரோஸ்ட், சுட்ட கோழி, தேங்காய்க்கொத்து போட்டு வரட்டிய பீஃப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். குழம்பாக இருக்கிற எதற்கும் பொருந்தாது. முக்கியமாகக் குடம்புளி போட்ட மீன்கறிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு புளிப்பும் சண்டை போடும், மேசையின் மறுமுனைக்குத் தள்ளிவிடுங்கள். ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், இதில் சீனி கொஞ்சமில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் கிரான்பெர்ரி பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மிச்சம் இருந்தால், மறுநாள் காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டின் மேல் தேய்த்து, நடுவில் முந்தின நாள் கோழியைப் பிய்த்து வைத்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி எடுங்கள்.